ஏ.பி. வேதியியலில் தேறியவர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் வேதியியல் நிபந்தனையை நிறைவு செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேரும் நம் பிள்ளைகளில் பலர், பள்ளியிலேயே ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்ற கல்லூரி நிலை வேதியியல் தேர்வில் ஐந்துக்கு 4 அல்லது 5 பெற்று, கல்லூரியின் முதலாண்டுப் பொது வேதியியல் வகுப்புகளிலிருந்து விலக்குப் பெற்றுவிடுகிறார்கள். பின்னர் மருத்துவம் படிக்க விரும்பும்போது அந்த விலக்கு உதவுமா, இடைஞ்சலாகுமா என்ற ஐயம் பெற்றோருக்கும் மாணவருக்கும் எழுகிறது. கல்லூரி விலக்கு அளித்துவிட்டது என்பதற்காக மருத்துவக் கல்லூரியும் அளித்துவிட்டது என்று ஆகாது. இந்த ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொண்டால், கீழே உள்ள விடைகள் எளிதில் விளங்கும்.

மருத்துவக் கல்லூரிகள் வேதியியலில் எதை எதிர்பார்க்கின்றன?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதிய கையோடு எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் நான்காண்டு இளங்கலைப் படிப்பை முடித்த பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர முடியும் என்பதால், அந்த நான்கு ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டிய பாடங்களை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் தானே வரையறுக்கிறது. நெடுங்காலமாக வழங்கிவரும் பட்டியலின்படி, ஆய்வகத்துடன் கூடிய பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், ஆய்வகத்துடன் கூடிய கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர், உயிர்வேதியியல் ஒரு செமஸ்டர் தேவைப்படும்.

இந்தப் பட்டியல் இப்போது எல்லா இடங்களிலும் ஒன்றாக இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யும் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கை, பாடப் பெயர்களைக் காட்டிலும் மாணவர் பெற்றிருக்க வேண்டிய திறன்களைப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்தப் போக்கில் சில கல்லூரிகள் கட்டாயப் பாடப் பட்டியலைக் கைவிட்டன. ஸ்டான்ஃபோர்டு அவற்றுள் ஒன்று. 2015-இல் எம்கேட் நுழைவுத் தேர்வில் உயிர்வேதியியலுக்கு முதன்மை இடம் கிடைத்தபின், கரிம வேதியியலின் இரண்டாம் செமஸ்டருக்குப் பதிலாக உயிர்வேதியியலை ஏற்கும் கல்லூரிகளும் பெருகின. ஆனாலும் ஒரு மாணவர் பொதுவாகப் பதினைந்து, இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதால், அவற்றுள் மிகக் கண்டிப்பான கல்லூரியை அளவுகோலாக வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பானது.

ஏ.பி. தேர்வு, கல்லூரியே நடத்தும் பிளேஸ்மென்ட் தேர்வு, கிளெப் தேர்வு ஆகிய எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல, குழப்பத்தில் பாதி இங்கிருந்தே தொடங்குகிறது. ஏ.பி. தேர்வில் உரிய மதிப்பெண் பெற்றால், பல பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட அளவு கிரெடிட் (பாடத்தை முடித்ததற்கான அலகு) கொடுத்து அதை டிரான்ஸ்கிரிப்டிலும் (கல்லூரியின் அதிகாரபூர்வப் பாட, மதிப்பெண் பதிவேடு) பதிவு செய்கின்றன. வேதியியல் துறை தானே நடத்தும் பிளேஸ்மென்ட் தேர்வில் தேறினால், அடுத்த நிலை வகுப்பில் உட்கார அனுமதி கிடைக்கும்; ஆனால் பல இடங்களில் கிரெடிட் எதுவும் கிடைக்காது. அனுமதி மட்டும் பெற்ற மாணவரின் டிரான்ஸ்கிரிப்டில் பொது வேதியியல் என்ற சொல்லே இராது. பட்டியலைச் சரிபார்க்கும் மருத்துவக் கல்லூரி அலுவலருக்கு அங்கே வெற்றிடம் மட்டுமே தெரியும். வகுப்பில் சேராமலே கிரெடிட் பெற எழுதும் கிளெப் தேர்வைப் பொறுத்தவரை, கல்லூரி கிரெடிட் கொடுத்தாலும் மருத்துவக் கல்லூரிகள் பல அதை ஏற்பதில்லை என்பதால், மருத்துவ நோக்கமுள்ளவர்கள் அதை நம்பியிருக்க வேண்டாம்.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நடைமுறை மாறும். எடுத்துக்காட்டாக, எம்.ஐ.டி. ஏ.பி. வேதியியலுக்குக் கிரெடிட் தருவதில்லை. முதலாண்டு வேதியியலிலிருந்து விலக்கு வேண்டுமானால் அங்கேயே நடத்தப்படும் அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் தேர்வில் தேற வேண்டும். ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் டிரான்ஸ்கிரிப்டை எடுத்து, வேதியியல் கிரெடிட் எந்தப் பாட எண்ணுக்கு ஈடாக, எத்தனை அலகுகளாகப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் இருந்தால் மருத்துவக் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா?

சில கல்லூரிகள் அப்படியே ஏற்கின்றன. சில, ஏற்பதாகச் சொல்லிவிட்டு, அதே துறையில் அதே எண்ணிக்கையில் மேல்நிலைப் பாடங்களை எடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. வேறு சில, வகுப்புக்கு மட்டும் ஏற்று ஆய்வகத்துக்கு ஏற்பதில்லை. முற்றிலும் மறுப்பவையும் உண்டு. டெக்சாஸ் மாநில மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு, கல்லூரி கிரெடிட் வழங்கியிருந்து, எந்தப் பாடத்துக்கு எத்தனை அலகு என்று டிரான்ஸ்கிரிப்டில் தெளிவாகக் குறித்திருந்தால் ஏ.பி. கிரெடிட்டை ஏற்கிறது. "ஏ.பி. கிரெடிட், 8 அலகு" என்று பொதுவாக எழுதியிருந்தால் போதாது. அத்தகைய பதிவு உள்ளவர்கள் பதிவாளர் அலுவலகத்தை அணுகிப் பாடவாரியாகப் பிரித்து எழுதித் தரக் கேட்க வேண்டும்.

ஏ.ஏ.எம்.சி. நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற இணைய வழிகாட்டியில் ஒவ்வொரு கல்லூரியின் கட்டாயப் பாடங்களும் ஏ.பி. குறித்த நிலைப்பாடும் தரப்பட்டுள்ளன. அதைப் பார்த்துவிட்டு அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் சேர்க்கை அலுவலகத்தின் சொல்லே இறுதியானது. கொள்கைகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. மூன்றாண்டுக்கு முன் சேர்ந்த உறவினர் பிள்ளையின் அனுபவத்தைக் கேட்டு முடிவெடுப்பது நம்மிடையே வழக்கம். இந்த விஷயத்தில் அது ஆபத்தான வழக்கம்.

மேல்நிலைப் பாடம் என்றால் எதை எடுக்க வேண்டும்?

விலக்குப் பெற்றவர்கள் கவனமாகச் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. இரண்டு செமஸ்டர் பொது வேதியியலிலிருந்து விலக்குப் பெற்றிருந்தால், இரண்டு செமஸ்டர் கரிம வேதியியல், ஒரு செமஸ்டர் உயிர்வேதியியல் ஆகியவற்றுக்கு மேலாக, வேதியியல் துறையிலிருந்தே இன்னும் இரண்டு பாடங்களை எடுத்துவிட்டால் மிகக் கண்டிப்பான கல்லூரியும் குறை சொல்ல வழியிருக்காது. கரிம வேதியியலையும் உயிர்வேதியியலையும் விலக்குக்கு ஈடாகக் கணக்கில் காட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். அவற்றைத் தனியே கட்டாயப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரியில் ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் காட்ட முடியாது. மொத்தம் இரண்டாண்டு வேதியியல் என்று மட்டும் கேட்கும் கல்லூரியில், இம்மூன்றோடு நான்காவது வேதியியல் பாடமாக எதை எடுத்தாலும் ஏற்கப்படலாம். நிபந்தனையின் வாசகத்தைச் சொல் சொல்லாக வாசிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எடுக்கக்கூடிய பாடங்களில் என் முதல் பரிந்துரை பகுப்பாய்வு வேதியியல். அது பொது வேதியியலின் நேரடித் தொடர்ச்சி. சமநிலை, அமிலம், காரம், மின்வேதியியல் ஆகிய பகுதிகளை ஆழப்படுத்துவதுடன், பெரும்பாலும் ஆய்வகத்தோடு சேர்ந்தே நடத்தப்படுகிறது. அடுத்து கனிம வேதியியல். ஹீமோகுளோபினில் இரும்பு அயனி ஆக்சிஜனைப் பிடித்து விடுவது, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தில் பிளாட்டினம் அணு டி.என்.ஏ.வோடு பிணைவது ஆகியவற்றைப் புரிந்துகொள்ள வேண்டிய அணைவுச் சேர்மங்களின் அறிவு ஏ.பி. பாடத்திட்டத்தில் இல்லை, கனிம வேதியியல் வகுப்பில் அது கிடைக்கும். இயற்பிய வேதியியல் நல்ல பாடம்தான் என்றாலும், அதற்குப் பன்மாறி நுண்கணிதமும் இயற்பியலும் முன்கூட்டியே தேவைப்படும் என்பதால், வேதியியலையோ பொறியியலையோ முதன்மைப் பாடமாகக் கொண்டவர்களுக்கே அது பொருந்தும். உயிர்வேதியியலின் இரண்டாம் செமஸ்டரும் நல்ல தேர்வே. ஆனால் அது உயிரியல் துறையின் பாட எண்ணில் வந்தால் வேதியியலாகக் கணக்கிடப்படுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சில பல்கலைக்கழகங்களில், ஏ.பி. கிரெடிட்டோடு வரும் மாணவர்களுக்கென்றே பொது வேதியியலின் ஓராண்டுப் பாடத்தை ஒரே செமஸ்டரில் விரைவாக நடத்தும் வகுப்பு இருக்கிறது. அப்படியொன்று உங்கள் கல்லூரியில் இருக்குமானால் அதை எடுங்கள். ஆய்வகமும் கிடைக்கும், கல்லூரி மதிப்பெண்ணும் கிடைக்கும், தெரிந்ததையே ஓராண்டு கேட்டுக்கொண்டிருக்கும் சலிப்பும் இராது.

ஆய்வகத்துக்கு ஏன் இத்தனை அழுத்தம் தருகிறார்கள்?

ஏ.பி. வேதியியலில் பாட நேரத்தில் குறைந்தது கால் பங்கு ஆய்வகத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது ஏ.பி. தேர்வை நடத்தும் கல்லூரி வாரியத்தின் (காலேஜ் போர்டு) விதி. ஆனால் தேர்வு எழுத்துத் தேர்வு மட்டுமே. 60 கொள்குறி வினாக்களும் 7 விரிவான வினாக்களும் கொண்ட அந்தத் தேர்வில், மாணவரின் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. பியூரெட்டின் திறப்பைத் திருகித் துளித்துளியாகக் காரத்தை விடுவதும், கீழே குடுவையைச் சுழற்றிக்கொண்டே ஃபினால்ஃப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் அந்த ஒரு துளியில் நிறுத்துவதும், திரவப் பிறையின் அடிமட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்து இரண்டாம் தசம இடம் வரை வாசிப்பதும், மூன்று முறை செய்து மூன்றும் ஒத்துவராவிட்டால் எங்கே தவறியது என்று தேடுவதும் ஆய்வகத்தில் நின்றால்தான் வரும். அளவீட்டில் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்று உணர்ந்தவரே, பின்னாளில் நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவில் ஓர் எண் பொருந்தாமல் வரும்போது அதை மறுமுறை பார்ப்பார். மருத்துவக் கல்லூரிகள் இதில் கண்டிப்பாக இருப்பதை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

நடைமுறையில், கரிம வேதியியலின் இரண்டு ஆய்வகங்கள் கட்டாயம் வேண்டும். பொது வேதியியல் ஆய்வகத்துக்கு ஈடாகப் பகுப்பாய்வு வேதியியல் ஆய்வகமோ கனிம வேதியியல் ஆய்வகமோ இருந்தால் நன்று. சில கல்லூரிகள் பொது வேதியியல் ஆய்வகத்தை வகுப்பிலிருந்து பிரித்துத் தனிப் பாட எண்ணில் நடத்துகின்றன. அங்கே வகுப்புக்கு விலக்குப் பெற்றவரும் ஆய்வகத்தில் மட்டும் சேரலாம்.

கிரெடிட்டை விட்டுவிட்டுப் பொது வேதியியலை மறுபடி எடுத்தால் என்ன?

எடுக்கலாம். ஆனால் ஒரே பாடத்துக்கு இருமுறை கிரெடிட் கிடைக்காது என்பதால் ஏ.பி. கிரெடிட் நீக்கப்படும். மாணவர் தன் அறிவை நேர்மையாகச் சோதித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பத்தாம், பதினோராம் வகுப்பில் ஏ.பி. எழுதி, அதற்குப் பின் வேதியியலைத் தொடாமலே இரண்டாண்டு போயிருந்தால் மறுபடி எடுப்பதில் குறையொன்றும் இல்லை. அதேபோல 4 பெற்றும் சமநிலை மாறிலிக் கணக்குகளில் தடுமாறுபவர், கிரெடிட்டைக் காக்க வேண்டும் என்பதற்காக நேரே கரிம வேதியியலுக்குள் போகக் கூடாது. மாறாக, 5 பெற்று, பாடம் கையில் நிற்கிற மாணவர் அதே வகுப்பில் எளிய ஏ கிரேடுக்காக உட்காருவது, கல்லூரிக் கல்வியின் ஓராண்டை வீணாக்குவதாகவே எனக்குப் படுகிறது. சேர்க்கைக் குழுவினரும் டிரான்ஸ்கிரிப்டைப் படிக்கத் தெரிந்தவர்கள். கடினமான பாடத்தில் பெற்ற நல்ல மதிப்பெண்ணின் எடை அவர்களுக்குத் தெரியும்.

முதலாண்டிலேயே கரிம வேதியியல் எடுப்பது சரியா?

ஆயத்தம் இருந்தால் சரி. முதலாண்டில் கரிம வேதியியல், இரண்டாம் ஆண்டில் உயிர்வேதியியலும் பகுப்பாய்வு வேதியியலும் என்று போனால், எம்கேட்டுக்கு வேண்டிய வேதியியல் முழுவதும் இரண்டாம் ஆண்டின் முடிவில் நிறைவடைந்துவிடும். ஆனால் கரிம வேதியியல் நினைவாற்றலை விட எலக்ட்ரான்களின் நகர்வைப் பின்தொடரும் பழக்கத்தையே கேட்கிறது. கல்லூரிக்கு வந்து, வீட்டைப் பிரிந்து, புதிய ஊரில் பழகிக்கொண்டிருக்கும் முதல் செமஸ்டரிலேயே அதை எடுத்து மதிப்பெண் சரிந்தவர்கள் இருக்கிறார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையில் இனக்கலப்பு, ஒத்திசைவு, அமில வலிமையைக் குறிக்கும் பிகேஏ ஆகிய மூன்றையும் திரும்பப் படித்துவிடுவது பெரிதும் உதவும்.

ஏ.பி. மதிப்பெண் ஜி.பி.ஏ.வில் சேருமா?

ஜி.பி.ஏ. என்ற கல்லூரி மதிப்பெண் சராசரியில் சேராது. ஏ.பி. கிரெடிட்டுக்குக் கிரேடு இல்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கையும் கொண்டு தனியே கணக்கிடப்படும் அறிவியல் ஜி.பி.ஏ.விலும் அது இடம்பெறாது.

ஆம்காஸ் விண்ணப்பத்தில் எப்படிப் பதிவு செய்வது?

ஆம்காஸ் என்பது ஏ.ஏ.எம்.சி.யின் பொது விண்ணப்ப அமைப்பு. அதில் ஏ.பி. கிரெடிட்டை டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே உள்ளிட்டு, பாட வகையில் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்டில் இல்லாத ஏ.பி. பாடத்தைப் பதிவு செய்யக் கூடாது. கல்லூரி வாரியத்தின் மதிப்பெண் அறிக்கை அதற்கு ஈடாகாது. இந்த கிரெடிட்டுகள் ஜி.பி.ஏ.வுக்கு வெளியே துணை அலகுகளாகக் காட்டப்படும். பின்னர் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் அனுப்பும் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில், கட்டாயப் பாடங்களை எவ்வாறு நிறைவு செய்தீர்கள் என்ற கேள்வி வரக்கூடும். அங்கே மேல்நிலைப் பாடங்களின் பெயர்களையும் எண்களையும் தெளிவாக எழுதுங்கள்.

கல்லூரி மாறினால்?

முதல் கல்லூரி கொடுத்த ஏ.பி. கிரெடிட்டை இரண்டாம் கல்லூரி கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றும் தன் விதிப்படி மறுபடி மதிப்பிடும். மாறுவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்த வேதியியலைக் காட்ட முடியுமா?

பிளஸ் டூ வேதியியல் பள்ளிப் படிப்பாகவே கருதப்படும். அது எவ்வளவு கடினமாக இருந்தாலும் கல்லூரிப் பாடத்துக்கு ஈடாகாது. இலங்கையின் உயர்தரப் பரீட்சையில் (ஏ லெவல்) பெற்ற தேர்ச்சிக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று கிரெடிட் கொடுத்திருந்தாலும், மருத்துவக் கல்லூரி அதை ஏற்குமா என்று தனியே கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பி.எஸ்சி. முடித்துவிட்டு அமெரிக்கா போனவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். அயல்நாட்டுக் கல்லூரிகளின் மதிப்பெண்களை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கட்டாயப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்கின்றன.

எம்கேட் தேர்வுக்கு ஏ.பி. வேதியியல் போதுமா?

போதாது, ஆனால் நல்ல அடித்தளம். எம்கேட்டின் வேதியியல், இயற்பியல் பகுதியில் 59 வினாக்கள், 95 நிமிடங்கள். அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு பொது வேதியியல், 25 விழுக்காடு உயிர்வேதியியல், 15 விழுக்காடு கரிம வேதியியல். பொது வேதியியல் வகுப்பைத் தவிர்த்தவர்களுக்குச் சில இடங்களில் ஓட்டை விழும். கரைசல்களின் தொகைசார் பண்புகள் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவை) தற்போதைய ஏ.பி. தேர்வில் கேட்கப்படுவதில்லை, எம்கேட்டில் சவ்வூடு பரவல் அழுத்தம் கேட்கப்படும். மருத்துவமனையில் ஏற்றப்படும் 0.9 விழுக்காடு உப்புக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் 9 கிராம் சோடியம் குளோரைடு. அதன் மூலக்கூறு நிறை 58.44 என்பதால் 0.154 மோல். ஒவ்வொன்றும் இரண்டு அயனிகளாகப் பிரிவதால் ஏறக்குறைய 308 மில்லிஆஸ்மோல். இரத்தப் பிளாஸ்மாவின் அளவுக்கு அது நெருக்கமாக இருப்பதால்தான் சிவப்பணுக்கள் வீங்குவதுமில்லை, சுருங்குவதுமில்லை. இந்தக் கணக்கைத் தயக்கமின்றிப் போட முடியாவிட்டால், விட்டுப்போன அத்தியாயத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

பிஎச் அதிகம் மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலும் அப்படியே. பைகார்பனேட் தாங்கலின் பிகேஏ 6.1, இரத்தத்தின் பிஎச் 7.4 என்றால், பைகார்பனேட்டுக்கும் கார்பன் டைஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 20-க்கு 1 என்று வர வேண்டும். ஏ.பி.யில் சூத்திரமாகப் படித்தது இங்கே நோயாளியின் மூச்சோடும் சிறுநீரகத்தோடும் இணைகிறது. நிலைமை வரைபடங்களையும் அணுக்கருச் சிதைவையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

சேர்க்கை அலுவலகத்துக்கு எப்படி எழுதிக் கேட்பது?

சுருக்கமாக, விவரத்தோடு. "ஏ.பி. வேதியியலை ஏற்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் இணையப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லும் பதில்தான் வரும். மாறாக, ஏ.பி. தேர்வில் பெற்ற மதிப்பெண், கல்லூரி கொடுத்த பாட எண், அலகு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அதற்கு ஈடாக இன்ன மேல்நிலைப் பாடத்தை ஆய்வகத்துடன் எடுத்திருக்கிறேன், அல்லது எடுக்கவிருக்கிறேன், இது உங்கள் நிபந்தனையை நிறைவு செய்யுமா என்று கேளுங்கள். மாணவரே எழுத வேண்டும்; பெற்றோர் எழுதக் கூடாது. வந்த பதிலைத் தேதியுடன் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அலுவலர்கள் மாறுவார்கள். உங்கள் கல்லூரியின் மருத்துவ முன்படிப்பு ஆலோசகர் முந்தைய மாணவர்களின் பதிவுகளை வைத்திருப்பார் என்பதால், முதலில் அவரையும் பார்த்துவிடுவது முறை.

விண்ணப்பிப்பதற்குள் எல்லாப் பாடங்களையும் முடித்திருக்க வேண்டுமா?

பெரும்பாலான கல்லூரிகளில் வேண்டியதில்லை. வகுப்பில் சேரும் நாளுக்கு முன் முடித்தால் போதும். ஆகவே மூன்றாம் ஆண்டின் முடிவில் விண்ணப்பிக்கும் மாணவர், ஈடு செய்ய வேண்டிய வேதியியல் பாடத்தை நான்காம் ஆண்டில் எடுப்பதாக விண்ணப்பத்திலேயே திட்டமிட்ட பாடமாகக் காட்டலாம். ஆனால் கிடைக்கும் இடம் நிபந்தனைக்குட்பட்டதாகவே இருக்கும். பகுப்பாய்வு வேதியியல் ஆய்வகம் போன்ற பாடங்கள் பல கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரு செமஸ்டரில் மட்டுமே நடத்தப்படுவதால், அது எந்த செமஸ்டரில் வருகிறது என்பதை இரண்டாம் ஆண்டிலேயே பார்த்து இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்.